நெட்டை வாரங்கள்

குணாளன் கட்டம் போட்ட கிராப் தாளைச் சுவரில் ஒட்டினான். அவன் வேலை பார்க்கும் பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் பழுதுகளை இப்படி வரைந்துதான் பிடிப்பார்கள். இது அவன் வீட்டுக் கரண்டு மீட்டரை வாராவாரம் பார்த்து வரைந்தது.

"இங்க பாரு மலர். ஒரு வாரம் கோடு குட்டை, ஒரு வாரம் நெட்டை. நெட்டை வாரமெல்லாம் யாரு வந்திருந்தா?"

மனைவி மலர்விழியின் முகம் சுருங்கியது. லூபோக் சீனா ஊர்த் தோட்டத்திலிருந்து அவள் அம்மா வந்து தங்கிய வாரங்கள் அவை.

"டிவி, லைட்டு, எல்லா சுவிட்சையும் தட்டி விட்டுடுறாங்க. நான் சொல்லல, கிராப் சொல்லுதுலா!"

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மறுநாள் காலை, "வர்றேங்க மாப்பிள்ளை" என்று மாமியார் பையோடு பஸ் ஏறிவிட்டார். அப்புறம் வரவேயில்லை.

அடுத்த வாரக் கோடு குட்டை. குணாளன் சிரித்துக்கொண்டான். அதற்கடுத்த வாரக் கோடு, பழையபடி நெட்டை.

"அத்தைதான் வரலையே! மீட்டரு கெட்டுப்போச்சா?"

"மீட்டரு நல்லாத்தான் இருக்கு. நீங்க நைட் ஷிப்ட் போற வாரம் எனக்குத் துணைக்குன்னு அம்மாவ வரச்சொன்னது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன?"

"அந்த வாரமெல்லாம் பகல் பூரா ஏர்கோன் குளிருல தூங்குறது யாரு? உங்க தூக்கம் கெடும்னு அவங்க டிவியத் தொடல. பின்வாசல்ல உக்காந்து பேப்பரால விசிறிக்கிட்டாங்க."

குணாளன் தாளைக் கிழிக்கக் கை நீட்டினான்.

"கிழிக்காதீங்க," என்றாள் மலர்விழி. "அம்மாவக் கூப்பிடப் போறப்ப கையோட கொண்டு போங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கிராப் சொல்லட்டும்."