கைபிடித்து அழைத்துப் போக

பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கிரெய்கின் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி மறித்தார்.

"பிள்ளைக்கான ஜீவனாம்சம் பாக்கி இருக்கு. கட்டாம நாட்டை விட்டுப் போக முடியாது."

"பிள்ளையா? அவளுக்கு நாளைக்கு பிஜியில கல்யாணம்யா! நான்தான் கைபிடிச்சு மணமேடைக்குக் கூட்டிட்டுப் போகணும்!"

"கட்டிட்டுப் போங்க."

ரொக்கக் கூலி வாங்கி, வீடு மாற்றி மாற்றி இத்தனை வருஷம் தப்பித்தவன், படகு வாங்க வைத்திருந்த பணத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். மகளுக்குப் போன் செய்தான்.

"டெஸ்ஸா, உங்கம்மாவுக்கு எல்லாத்தையும் கட்டித் தொலைச்சுட்டேன். அடுத்த ஃபிளைட்ல பிஜிக்கு வந்துடறேன்."

"வேணாம்ப்பா. நான் வீட்டுலதான் இருக்கேன். கல்யாணமும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. நீங்க மாட்டுற ஒரே இடம் ஏர்போர்ட்தான்னு ஜீவனாம்சம் வசூலிக்கிற ஆபீஸ்ல சொன்னாங்க."

அவன் கையிலிருந்த ரசீதைப் பார்த்தான்.

"பிறந்தநாளுக்குக் கூப்பிட்டப்பல்லாம் வராதவர், இதுக்கு மட்டும் அடிச்சுப்புடிச்சு ஓடி வந்துட்டீங்களே!"