வெள்ளை ஸ்டவுட்

ஒரே ஒரு மடக்கு. அது உள்ளே போய்விட்டால் ஜெபசீலன் கதை இன்றோடு முடிந்தது. இரண்டு கிளாசிலும் ஊற்றிய ஆன்டனி, பாட்டிலின் லேபிளைச் சுரண்டிக் கிழித்துக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்தான்.

விஷமெல்லாம் இல்லை, பீர்தான். கப்பலில் வேலை பார்க்கும் மச்சினன் பவுல் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது. ஸ்டவுட் வகை பீர் என்றாலே கன்னங்கரேலென்று இருக்கும், காப்பியும் சாக்லேட்டும் மணக்கும். இந்த வெள்ளை ஸ்டவுட்டிலும் அதே மணம், அதே ருசி. நிறம் மட்டும் சாதாரண பீர் போல வெளிர் மஞ்சள்.

"கண்ணு ஒண்ணு சொல்லுது, நாக்கு ஒண்ணு சொல்லுது. செம சரக்கு மச்சான்!" என்று பவுல் கொண்டாடினான். கறுப்பாகக் காய்ச்சத் துப்பில்லாதவன் செய்த வேலை என்றுதான் ஆன்டனிக்குத் தோன்றியது. ஆனாலும் நிறத்தைக் காட்டி ஒருத்தனைக் கவிழ்க்க இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் பால்துரை அண்ணாச்சியின் ஹோட்டல் பாரில் ஆன்டனி பழைய ஆள். ஜெபசீலன், கப்பலில் சமையல் வேலையை விட்டுவிட்டு நேற்று வந்தவன். அவன் வந்த நாளிலிருந்து ஆன்டனிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

புதிதாக எந்த பீர் வந்தாலும் இவர்கள் இருவரும் ருசி பார்த்து அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். அண்ணாச்சி குடிக்கமாட்டார். ஆன்டனிக்கு "நல்லாருக்கு", "நல்லால்ல" என்பதைத் தாண்டி வாயில் வார்த்தை வராது.

அந்தப் பயலோ, "மொதல்ல லேசா கசக்கும் அண்ணாச்சி, பொறவு கருப்பட்டி மாதிரி தொண்டையில நிக்கும்" என்று அளப்பான். அடேயப்பா, என்ன வாய்! கப்பல் கேப்டன்களே அவனைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் அண்ணாச்சிக்குப் பக்கத்து இலை அவனுக்கு. ஆன்டனி கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு சாப்பிட்டான்.

இப்போது திருச்செந்தூர் சாலையில் புதுக் கிளை திறக்கிறது. அதற்கு மேனேஜர் யார் என்று இன்று முடிவாகும். ஜெபசீலன்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

பார் திறக்க இன்னும் நேரமிருந்தது. அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும் ஆன்டனி குரல் கொடுத்தான்.

"ஏலே ஜெபா, இங்கன வா. புதுச் சரக்கு. எப்படி இருக்குன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லு."

"மொதல்ல நீங்க குடிங்கண்ணே. நீங்க பெரியவரு."

எப்போதும் இதே நடிப்பு. மரியாதையாம், மண்ணாங்கட்டி! ஆன்டனி குடித்து முடிக்கும்வரை தன் கிளாசைத் தொடாமல் ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வையில் கேலி இருப்பதாகவே ஆன்டனிக்குப் படும்.

இன்று மட்டும் எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. ஆன்டனி குடித்தான். வறுத்த காப்பி நாக்கில் ஏறியது, பின்னாலேயே சாக்லேட்டின் கசப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் தண்ணீர் குடித்தவன் மாதிரி கிளாசைக் கீழே வைத்தான்.

ஜெபசீலன் ஒரு மடக்கு குடித்தான். ஆன்டனியைப் பார்த்தான். இன்னொரு மடக்கு குடித்து, மறுபடியும் பார்த்தான். நெற்றியில் வேர்த்திருந்தது.

"என்னலே யோசிக்க?" என்றார் அண்ணாச்சி.

"லேசான சரக்கு அண்ணாச்சி. எலுமிச்ச பிழிஞ்ச மாதிரி ஒரு சின்னப் புளிப்பு. நம்ம ஊரு வெயிலுக்கு ஜம்முன்னு எறங்கும்."

மாட்டினான்! ஆன்டனிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"எலுமிச்சயா? அண்ணாச்சி, நீங்க குடிக்க வேண்டாம். சும்மா மோந்து மட்டும் பாருங்க."

அண்ணாச்சி கிளாசை மூக்கருகே கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது.

"ஏலே, காப்பிக்கொட்ட வறுக்குற கடைக்குள்ள நொழைஞ்ச மாதிரில்லா இருக்கு! காப்பி மாதிரி மணக்கணும்னா கறுப்பாவே காய்ச்சிட்டுப் போவ வேண்டியதுதான? இது என்ன ஏமாத்து வேல?" என்றவர் ஜெபசீலன் பக்கம் திரும்பினார். "குடிக்காத எனக்கே தெரியுது. ஒனக்குத் தெரியலியா?"

ஜெபசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நெறத்தப் பாத்து அடிச்சு விட்டிருக்க. ஒன்ன நம்பிக் கடைய விட்டிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். ஆன்டனி, புதுக் கடைய நீயே பாத்துக்க." அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

ஜெபசீலன் பின்கட்டில் காலி பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஆன்டனிக்கு அதோடு விட மனம் வரவில்லை. எத்தனை நாள் எரிச்சல்!

"என்னலே, இன்னைக்கு ஒன் நாக்கு லீவா?"

"நாக்கு எங்கண்ணே இருக்கு? கப்பல்ல கொரோனா வந்தப்பவே மணமும் ருசியும் போனது போனதுதான். அதனாலதான் சமையல் வேலைய விட்டே தூக்குனாங்க. வெளிய தெரிஞ்சா இந்த வேலையும் போயிரும்னு வாயத் தொறக்கல."

ஆன்டனியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பொய் சொல்லாத. அப்போ இத்தன நாளா அண்ணாச்சிகிட்ட புட்டுப் புட்டு வச்சியே, அதெல்லாம்?"

"நெறத்தப் பாத்துப் பாதி சொல்லுவேன்."

"மீதி?"

"ஒங்க மூஞ்சியப் பாத்துண்ணே."