வாசல் சட்டித் தண்ணீர்

இப்போதெல்லாம் எழவு வீட்டுக்கும் ஓட்டுக் கேட்கத்தான் வருகிறார்கள். எங்கள் ஊர் மொண்டேயைப் புதைத்துவிட்டு வந்து, அவன் வீட்டு வாசலில் வைத்த சட்டியில் வரிசையாகக் கை கழுவுகிறோம். தகரக் கூரைகளில் வெயில் கொதிக்கிறது. வெள்ளைக்காரன் ஆட்சியில் மொண்டேயோடு ஜெயிலில் கிடந்து, விடுதலைக்குப் பின் மந்திரியாகி, தூதராக வெளிநாடு போய் நரைத்துத் திரும்பி, இப்போது மறுபடி தேர்தலில் நிற்கிற லிண்டிலே, சட்டியைத் தாண்டி உள்ளே போகிறான். "என்ன தூதரே, கல்லறை மண்ணோடயா சோத்துல கை வைக்கப் போற?" என்கிறாள் மொண்டேயின் அக்கா நோசூக்கோ. கூட்டம் சிரிக்கிறது. அவன் திரும்பி வந்து குனிகிறான். கலங்கிய தண்ணீரில் வெள்ளைச் சட்டையின் கை நனைகிறது. "தண்ணிய மாத்தக் கூடாதாக்கா?" "மொத தேர்தல்ல நீ சொன்ன குழாய் இன்னும் வரலியேடா தம்பி. இது ஆத்துலேருந்து சுமந்தது." அவன் கை தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. "இந்தத் தடவ கண்டிப்பாக்கா" என்கிறான், சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில். அவன் கண் கலங்கியிருக்கிறதாம், பக்கத்தில் யாரோ சொல்கிறார்கள். இருக்கட்டும். காலி வாளியை எடுத்துக்கொண்டு நான் ஆற்றுப் பக்கம் நடக்கிறேன்.