முதுகுக்கு ஏற்ற சேறு

வெள்ளைப் பன்றி செவந்திக்கு மெல்லிய தோல். சித்திரை வெயில் ஏறுவதற்குள் எதையாவது பூசியாக வேண்டும். குளத்தில் கழுத்தளவு கிடந்த எருமை காரி கூப்பிட்டாள்: "வாடி, இந்தக் கருஞ்சேத்துல ஒருதரம் புரண்டுட்டுப் போ."

செவந்திக்கு மனசு நிலைகொள்ளவில்லை. இடப்பக்கம் மட்டும் உரசிப் பார்த்துவிட்டு யானை மாமாவிடம் ஓடினாள். "செம்மண்தான் தோலுக்கு ஆகும்" என்று அவர் தும்பிக்கையால் அள்ளி வீசினார். அதை வலப்பக்கம் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"முதுகைக் காட்டு, அதுக்கும் போடுறேன்."

"ஐயோ, வேண்டாம் மாமா! முதுகுலதானே வெயில் நேரா விழுது? இருக்கிறதிலேயே உசத்தியானதைத்தான் அதுக்குப் பூசணும்."

ஆற்று வண்டல் பிசுபிசுத்தது. புற்றுமண் அரித்தது. உச்சிவெயிலில் காடெல்லாம் அலைந்தாள்.

பொழுது சாயும்போது முதுகெல்லாம் கொப்புளமாகத் திரும்பியவளைப் பார்த்துக் காரி பதறிப்போனாள். "என்னடி இது கோலம்! எந்தச் சேறுமே ஒத்துக்கலையா?"

"ரெண்டு பக்கமும் நல்லா ஒத்துக்கிச்சு அக்கா" என்றாள் செவந்தி, எரிச்சல் தாங்காமல் கால் மாற்றி நின்றபடி. "முதுகுக்குத்தான் இன்னும் ஒண்ணும் சரியா அமையலை."