நாளுக்கு ஆயிரம்

“விதை வெங்காயம் வாங்க வைச்ச முப்பதாயிரமும் எங்கையப்பா?”

சண்முகநாதன் கைபேசியை மடியில் கவிழ்த்தார். “கத்தாதை தர்சிகா. உந்தச் சக்கரம் சுத்துற விளையாட்டை நான் வரம்பு வைச்சுத்தான் விளையாடுறன். நாளுக்கு ஆயிரம். ஒருநாளும் தாண்டேல்லை.”

“ஓம், ஒரு மாதமா ஒருநாளும் தவறவும் இல்லை! தோட்டத்திலை இனி எதை நடப்போறியள்? உந்தச் சூதாட்டக் கள்ளரை எப்பிடி நம்பினியள்?”

“கள்ளரெண்டால் காசு முடியமுதல் நிப்பாட்டச் சொல்லுவாங்களோ? எங்கடை ஊர்ப் பிள்ளை கதைக்கிற மாதிரி எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு!”

“எங்கடை தமிழிலை எழுதி ஏமாத்தினது ஆரெண்டு தெரிஞ்சால் செருப்பாலை அடிப்பன்!”

“நீயே வாசிச்சுப் பார்.”

அவர் நீட்டிய திரையில் இருந்தது: ‘ஐயா, இண்டைக்குக் காணும், நிப்பாட்டுங்கோ. நாளைக்குக் கட்டாயம் வாங்கோ.’

தர்சிகா திரும்பவும் வாசித்தாள். பட்டம் முடித்து இரண்டு வருடம் அலைந்து, மொழிபெயர்ப்புக் கந்தோர் ஒன்றில் கிடைத்த முதல் வேலை. ஏதோ விளையாட்டுக்கென்று கொடுத்த ஆங்கில வசனத்தை ஊர்ப்பேச்சில் எழுதியதற்கு மனேச்சர் எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார்.

“இப்ப சொல்லு பிள்ளை, இதை எழுதினது கள்ளரோ?”

“செருப்பை எடுங்கோப்பா. இதை எழுதினது நான்தான்.”