பிரிக்கக் கூடாத ஜோடி

துணை சேர்க்கவென்று பெரியவர் பூன் கியாட் கொண்டுவந்து விட்ட கிழட்டு முயலின் நெற்றியை, சியூ லிங்கின் முயல் நக்கிக்கொண்டிருந்தது.

“சேர்ந்துடுச்சு, அங்கிள். இனிமே பிரிச்சா ரெண்டும் சாப்பிடாது.”

சொன்ன பிறகுதான், யாராவது ஒருவர் தன் முயலை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்கு உறைத்தது. மனைவி போனபின் அவர் தனி ஆள். ஆனால் அவளுக்கும் அந்த முயலை விட்டால் யாருமில்லை.

“ஒரே வீட்டுலதான் இருக்கணுமா?”

“ஆமா. என்னோடதைக் கேட்டுடாதீங்க, தர மாட்டேன்.”

“யாரு கேட்டா?” என்றவர், தன் முயலின் சீப்பையும் மருந்தையும் அவளிடம் நீட்டினார். “வியாழக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போறேன். அங்க முயல் கூடாது. கிழட்டு முயல்னு எல்லாரும் வேணாம்னாங்க. நீ இப்ப அப்படிச் சொல்ல முடியாதே.”

அவள் வாங்கிக்கொண்டாள். “அங்க உங்களுக்குத் துணை?”

“அறைக்கு எட்டுக் கட்டிலாம். ஒண்ணு காலியாயிடுச்சாம்.”