இன்னும் உறுமுதா?

"இப்ப உறுமுதா?"

"உறுமுது."

"இப்ப?"

"லேசா உறுமுதுங்க."

சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒன்றில் கரன்ட் ஓடியது. மற்றதிலிருந்து கிளம்பிய ஒயர், மனைவியின் காதுகளை மூடியிருந்த ஹெட்போனுக்குப் போனது.

கணவன் பாட்டுக் கேட்கச் சொந்தமாக வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறான். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டால், பாட்டோடு உறுமலும் சேர்ந்து வருமாம். நகர்த்தி, திருப்பி, உறுமல் அடங்கும் இடம் தெரிந்த பிறகுதான் பெட்டியில் ஓட்டை போடுவான். கேட்டுச் சொல்வது மனைவியின் வேலை.

"டேய், கதவைத் திறடா!"

கணவனின் அக்கா; மனைவிக்கு அண்ணி. அந்தக் குரலுக்கு ஹெட்போனெல்லாம் எந்த மூலைக்கு?

போன தடவை அண்ணி வந்தபோது திரைச்சீலையில் ஆரம்பித்துத் தலைமுடி வரைக்கும் குறை சொன்னதில், இவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கணவன் மேஜைக்கடியில் குனிந்து எழுந்தான். டிரான்ஸ்ஃபார்மரைக் குறுக்கே திருப்பி வைத்தான்.

"சரியான இடம் கிடைக்கிற வரைக்கும் ஹெட்போனைக் கழட்டாதே" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனான்.

உறுமல் சுத்தமாக நின்றிருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி உள்ளே வந்துவிட்டாள்.

"இப்ப?" என்றான் கணவன்.

"இன்னும் உறுமுதுங்க." பொய் தானாக வாயில் வந்துவிட்டது.

அண்ணி அலமாரியை விரலால் தடவினாள். "ஏம்மா, இதைத் துடைச்சு எவ்வளவு நாளாச்சு?"

"ஷ்! பேசாதேக்கா, அவ கேட்டுட்டிருக்கா."

"அந்தத் திரைச்சீலை..."

"ஷ்! இப்ப?"

"உறுமுது."

பெட்டியின் நாலு மூலைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஊர்வலம் போனது. மனைவிக்கு மனசு உறுத்தியது. பாவம் மனுஷன், வேர்த்து விறுவிறுத்து அந்த இரும்புக் கட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கிறாரே! ஆனால் உண்மையைச் சொன்னால் ஹெட்போனைக் கழட்ட வேண்டுமே.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணிக்குக் கோபம் மெல்லத் திசை மாறியது.

"ஏன்டா, கட்டினவளை இப்படியா உட்கார வைப்பே? ஒரு வாய் காப்பி குடிக்க விட்டியா?"

"ஷ்!"

"என்னடா ஷ்! மனுஷனாடா நீ?"

அண்ணியே அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்து வந்து இவள் கையில் கொடுத்தாள். தம்பிக்குக் கிடையாது.

கிளம்பும்போது இவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "இந்தக் கிறுக்கனோட குப்பை கொட்டறியே, உனக்குக் கோயிலே கட்டலாம்!"

கதவு மூடிக்கொண்டது. மனைவி ஹெட்போனைக் கழட்டினாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. உங்களை வீணா அலைக்கழிச்சு, திட்டும் வாங்க வச்சிட்டேன். அண்ணி உள்ளே வர்றதுக்கு முன்னாடியே உறுமல் நின்னுபோச்சுங்க."

"நிக்காம என்ன செய்யும்?" என்றான் கணவன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "அக்கா குரல் கேட்டதுமே நான்தான் பிளக்கைப் பிடுங்கிட்டேனே!"